இருபதை ஐந்து தடவை

என் அம்மாவை அம்மா என்று கூப்பிட இரண்டு பேர் இருந்தோம். ஒருத்தி நான். இன்னொருவன் பங்களாத் துரையின் மகன். உரிமை என்னுடையது, மடி அவனுடையது.

வண்டிப்பெரியாற்றிலிருந்து நாலு மைல் ஏறினால் எங்கள் தேயிலை எஸ்டேட். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறிய கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம் நாங்கள். எனக்கு நாலு வயதிருக்கும்போது ஒரு தம்பி பிறந்து ஒன்பதாம் நாள் இறந்துபோனான். அதே மழைக்காலத்தில் அப்பாவும் காய்ச்சலில் போனார். அந்த மாதம்தான் பங்களாவிலும் ஒரு பிள்ளை பிறந்தது. துரைசாணிக்குப் பால் இல்லை. என் அம்மாவுக்குப் பால் இருந்தது, குடிக்கப் பிள்ளை இல்லை. எஸ்டேட் கம்பவுண்டர் கூலிகள் குடியிருந்த லயத்துக்கு வந்து கூப்பிட்டார். அம்மா அப்படியே எழுந்து அவர் பின்னால் போனாள் என்று லயத்துப் பெண்கள் பிற்பாடு சொல்வார்கள். அப்படித்தான் அவள் பங்களா ஆயாவானாள். நானும் சமையலறைக்குப் பின்னாலிருந்த சின்ன அறைக்குக் குடிபோனேன்.

அவனை எல்லோரும் பாபா என்றோம். என் அம்மாவின் பாலைக் குடித்த பிள்ளைக்கு அவள் பேச்சுத்தான் முதலில் வந்தது. காலையில் மேஜையில் உட்கார்ந்து துரை இங்கிலீஷில் ஏதாவது கேட்டால், அவன் என் அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "தொரை என்னம்மா சொல்லுதாரு?" என்பான். தோட்டத்தில் ஐந்நூறு பேரை நடுங்கவைக்கிற துரைக்கு அதைக் கேட்டால் சிரிப்பு வரும். துரைசாணிக்கு வராது.

அவனுக்கு முன்னால் பிறந்த ஒரு பெண் குழந்தையை அவள் மலைக்காய்ச்சலுக்குக் கொடுத்திருந்தாள். எஸ்டேட் வேதக்கோயிலுக்குப் பின்னால் அதன் கல்லறை இருந்தது. பாபாவுக்கு ஐந்து வயது நடக்கும்போது அவனுக்கும் அதே காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. வயிற்றின் இடப்பக்கம் தொட்டால் கட்டி தட்டுப்பட்டது. இன்னொரு மழைக்காலத்தை இந்த மலையில் இவன் தாங்கமாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். துரைக்குக் கல்யாணமாகாத அக்கா ஒருத்தி ஸ்காட்லாந்தில், அவர் பிறந்த ஊரிலேயே இருந்தாள். பிள்ளையை அவளிடம் விட்டுவிட்டு வருவது என்று முடிவாயிற்று. துரைக்கு லீவு கிடைக்கவில்லை. துரைசாணியும் ஆயாவும் போகவேண்டியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் தின்றால்தான் பாபா ஒரு வாய் தின்பான். அந்த ஒரே தகுதியில் நானும் சீமைக்குப் புறப்பட்டேன்.

மலையிறங்கிக் கம்பம் வழியாக மதுரை, ரயிலில் தூத்துக்குடி, சின்னக் கப்பலில் கொழும்பு, அங்கிருந்து பெரிய கப்பல். நடுக்கடலில் ஒரு நாள் மேல்தட்டில் என் தலையைப் பின்னிக்கொண்டே அம்மா சொன்னாள்.

"பாபாவ அங்கனயே விட்டுட்டுத்தான் வரணும்ட்டி. அவன்ட்ட வாயத் தொறந்துராத. நேரம் பாத்து நாஞ் சொல்லிக்கிடுதேன்."

"நாம ரெண்டு பேரு மட்டும் திரும்பி வருவோமா?"

"ஆமா."

ஒன்பது வயதில் எனக்கு அதைவிட நல்ல செய்தி யாரும் சொன்னதில்லை. பின்னல் முடிவதற்குள் நான் இரண்டு தரம் சிரித்துவிட்டேன். அம்மா மயிரை வெடுக்கென்று இழுத்து முடிச்சுப் போட்டாள். கைதவறி இழுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

லண்டனில் இறங்கி ஒரு பகல் முழுக்க ரயிலில் போனோம். பிறகு ஒரு மோட்டார். கடைசியில் மோட்டாரும் நின்றுவிட்டது. அதற்குமேல் கீழே இறங்குகிற செங்குத்துப் பாதைதான். பாதையின் அடியில், மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு வரிசை வீடுகள். ஒரே ஒரு வரிசை. பின்சுவர் மலையை ஒட்டியிருந்தது, முன்னால் இரண்டு பேர் கைகோத்து நடக்கிற அகலத்தில் ஒரு நடைபாதை, அதற்கப்பால் கடல். வீடுகளெல்லாம் கடலுக்கு முகத்தைக் காட்டாமல் தோளைக் காட்டிக்கொண்டு நின்றன. பெருங்காற்று அடித்தால் அலை வந்து சுவரில் மோதுமாம். துவைத்த துணிகள் அலைக்கு நேர் மேலே கொடியில் படபடத்தன. எங்கு பார்த்தாலும் உப்பும் மீனும் தாரும் கலந்த வாடை. துரைசாணி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவள் பட்டணத்துப் பெண். அவளுக்கும் இது புகுந்த வீடுதான்.

துரையின் வீட்டைப் பார்த்ததும் எனக்கு முதலில் ஏமாற்றம், பிறகு ஒரே சந்தோஷம். கீழே இரண்டு அறை, மேலே ஒரு பரண். எங்கள் துரை, குதிரைமேல் வந்தால் தோட்டத்து ஆட்கள் குடையை மடக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி நிற்பார்களே, அந்தத் துரை பிறந்தது இந்த வாடைக்குள்! அவருடைய அப்பா தொளதொளத்த நீலக் கம்பளிச் சட்டையோடு வாசலில் உட்கார்ந்து தூண்டிலுக்கு இரை கோத்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து என் அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்மா பயந்துபோய் இன்னொரு கையால் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். வெள்ளைக்காரர் ஒருவர் அவள் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

கதவுக்கு மேலே கல்லில் ஒரு ஆண்டும், புருஷன் பெண்டாட்டி பெயர்களின் முதல் எழுத்துகளும் வெட்டியிருந்தன. கிழவரின் பாட்டனுக்குப் பாட்டன் வெட்டியதாம். அந்த வரிசையில் எல்லா வீட்டு வாசலிலும் அப்படி ஒன்று இருந்தது. நாங்கள் வேலை நின்ற மறுநாளே லயத்து அறையைக் காலிசெய்கிறவர்கள். அம்மா அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு காலமா ஒரே எடத்துல கெடக்காங்க பாரு" என்றாள். அவள் குரலில் இருந்தது பொறாமையா ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளையை விட்டுப்போகிற இடம் நகராத இடமா என்றுதான் பார்த்தாளோ என்னவோ.

துரையின் அக்கா ஓங்குதாங்கான பெண். அவள் பேசியது துரைசாணிக்கே பாதி புரியாது. இரண்டாம் தரம் கேட்பாள். அந்த ஊர்ப் பெண்கள் முதுகில் கூடை கட்டி மீன் சுமந்தார்கள். முதல் நாள் துரையின் அக்கா கூடையைத் தூக்கத் திணறுவதைப் பார்த்த அம்மா பின்னால் போய், கொழுந்துக்கூடை ஏற்றிவிடுகிற வழக்கத்தில் ஒரு கையால் அடியைத் தாங்கி ஏற்றிவிட்டாள். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சே தேவைப்படவில்லை. மீன் அரிந்து குடலெடுக்கிற நாட்களில் கத்தி படாமலிருக்கப் பெண்கள் பத்து விரலிலும் துணி சுற்றிக்கொள்வார்கள். தன் கைக்குத் தானே சுற்றுவது கஷ்டம். காலையில் எழுந்ததும் துரையின் அக்கா இரண்டு கையையும் நீட்டுவாள், என் அம்மா ஒவ்வொரு விரலாகச் சுற்றி நூலால் கட்டிவிடுவாள்.

"அத்தைன்னு கூப்பிடு பாபா," என்றாள் அம்மா. "அப்பாகூடப் பொறந்தவ அத்தைதான்."

பாபா கூப்பிட்டான். இரண்டு வாரத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகளும் அவளை அத்தை என்றே கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

அந்த ஊரில் சில வார்த்தைகளைச் சொல்லக் கூடாது. முக்கியமாகப் பன்றி. படகு போகிற வேளையில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் அன்றைக்குக் கடலுக்கே போகமாட்டார்கள். துரைசாணி எங்களைக் கூப்பிட்டு எச்சரித்தாள். அதைப் பாபாவிடம் நான் சொன்னதுதான் தாமதம், படகுத்துறையின் நுனிக்கு ஓடிப்போய் நின்றுகொண்டு, "பன்னி! பன்னி!" என்று கத்தினான். படகிலிருந்தவர்கள் எல்லோரும் சிரித்துக் கையை ஆட்டினார்கள். ஏதோ வாழ்த்து என்று நினைத்திருப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் கல்லில் விழுந்து புரண்டு சிரித்தோம். இதை எழுதும்போது அந்தப் பிள்ளையின் சிரிப்பு எனக்குக் கேட்கிறது. அந்த ஊரில் அவனோடு சேர்ந்து சிரிக்க எனக்கும் என் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும் என்பது அப்போது எனக்குப் பெருமையாகவே இருந்தது. வேறு எந்த மாதிரியும் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

ஆறு வாரம் இருந்தோம். கடல்காற்றில் பாபாவுக்குக் காய்ச்சல் வரவில்லை. அத்தை பின்னிக்கொடுத்த நீலக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிழவர் பின்னால் திரிந்தான். அம்மா அவனைத் தூங்கவைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவந்தாள்.

"பாபா பெரிய ஆளாகுற வரைக்கும் அத்தகூட இருப்பானாம். அம்மா கப்பல்ல போயி, மலை எப்படி இருக்குன்னு பாப்பாளாம்."

"அக்கா?" என்று கேட்பான். அக்கா என்றால் நான்.

"அக்காவும் போவாளாம்."

"அப்ப நானும்" என்று திரும்பிப் படுத்துக்கொள்வான். அம்மா மறுநாள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு துரைசாணி தன் தாய்வீட்டுக்கு ஒரு வாரம் போகப் புறப்பட்டாள். அவள் போவதைப் பாபா பார்த்துவிட்டான். அதுவரை அவளை அவ்வளவாகத் தேடாத பிள்ளை, அன்றைக்கு என்ன தோன்றியதோ, விழுந்து புரண்டு அலறினான். கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்து ஊர் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இவனை இப்படி அழவிடாதீர்கள், இன்னொரு தரம் வந்தால் நான் பொறுப்பில்லை என்று சொல்லிப் போனார். துரைசாணி தாய்வீட்டுக்குப் போகவில்லை. அன்றிலிருந்து அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

கிளம்புகிற நாளுக்கு முந்தின நாள் அம்மா அவளிடம் போய் நின்றாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"தொரசாணியம்மா, நாளைக்கு அவன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன். தூக்கிட்டுப் படகுத்துறைக்குப் போயி, அங்க வச்சுச் சொல்லுதேன். அழுவான். என்னைய நாலு அடி அடிப்பான். அடிக்கட்டும்மா. எம்மேல சாஞ்சு அழுது முடிச்சாத்தான் அத்த கைக்குப் போவான்."

"டாக்டர் என்ன சொன்னார், கேட்டியா ஆயா?"

"நான் வச்சிருக்கும்போது அவனுக்கு ஒண்ணும் வராது."

அம்மா வெளியே போனபிறகு துரைசாணியும் துரையின் அக்காவும் அடுப்பருகே உட்கார்ந்து மெல்லப் பேசினார்கள். துரைசாணி அழுதாள். ஆயா சொல்வதற்கு விடுவதா, தூங்கும்போது போய்விடுவதா, எழுந்து பார்த்தால் என்ன ஆகும் என்று பேச்சு திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நின்றது. நான் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பங்களா இங்கிலீஷ் எனக்கு அவ்வளவுக்குப் புரியும்.

அம்மா படகுத்துறையில் அவனைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அவன் விடமாட்டான். அம்மாவும் விடமாட்டாள். கப்பல் போய்விடும். நாங்கள் இங்கேயே கிடப்போம், அவன் மடியில், நான் வாசற்படியில். அந்தப் பயத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. உள்ளே போய் என் அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன். ஒளிந்து விளையாடலாம். அவனைக் கண்ணை மூடி எண்ணச் சொல்கிறேன். அவன் எண்ணி முடிப்பதற்குள் நாம் போய்விடலாம். அவன் அழமாட்டான், தேடத்தான் செய்வான்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். துரையின் அக்கா தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். துரைசாணி என்னைப் பக்கத்தில் இழுத்தாள்.

"அம்மாகிட்டே சொல்லாதே," என்றாள் தமிழில். "யார்கிட்டேயும் சொல்லாதே."

ஒரு பெரிய ஆளின் ரகசியம் எனக்குக் கிடைத்தது அதுவே முதல் தடவை. அன்று நான் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை மோட்டார் மேலே வந்து நின்றது. பெட்டிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லித் துரைசாணி அம்மாவை மேலே அனுப்பினாள். வண்டி புறப்பட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். நான் பாபாவைக் கூட்டிக்கொண்டு கரையில் இழுத்துப் போட்டிருந்த ஒரு படகுக்குப் போனேன். அவனுக்கு இருபது வரைதான் எண்ணத் தெரியும். அதுவும் நான் சொல்லிக்கொடுத்தது.

"இருபத அஞ்சு தடவ எண்ணணும். நடுவுல திரும்பிப் பாத்த, நீ தோத்துட்ட."

"அஞ்சு தடவ எப்படி?"

ஒரு கையை விரித்து, ஒவ்வொரு இருபதுக்கும் ஒரு விரலை மடக்கிக் காட்டினேன். புரிந்துகொண்டான். முகத்தைப் படகின் பலகையில் பதித்துக்கொண்டான். பிறகு திரும்பாமலேயே, "ரொம்பத் தூரம் போயிராதக்கா" என்றான்.

"போவ மாட்டேன்" என்றேன்.

"ஒண்ணு, ரெண்டு" என்று ஆரம்பித்தான். நான் ஏற்றத்தில் ஓடினேன். துரைசாணி எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்காமல். துரையின் அக்கா வீட்டு வாசலில் கைகளை இடுப்பில் கட்டியிருந்த முன்துணியில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

மேலே போனதும் துரைசாணி அம்மாவை வண்டியில் உட்காரச் சொன்னாள். பெட்டி சரியாக வைத்திருக்கிறதா பார் என்று ஏதோ சாக்கு. அம்மா ஏறினாள், நான் ஏறினேன், துரைசாணி ஏறிக் கதவைச் சாத்தினாள். வண்டி கிளம்பிவிட்டது.

"பாபா எங்க?" என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கீழ எண்ணிக்கிட்டிருக்கான். நாம ஒளிஞ்சிட்டோம்!"

அம்மாவுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். துரைசாணி அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, "வேண்டாம் ஆயா, வேண்டாம்" என்றாள். "எம்மா, வண்டிய நிறுத்தச் சொல்லுங்க, நான் சொல்லிட்டு ஓடியாந்துருதேன், ஒரு வார்த்தைதான்" என்று அம்மா கெஞ்சினாள். வண்டி நிற்கவில்லை.

சாலை ஒரு வளைவில் திரும்பும்போது ஊர் முழுவதும் கீழே தெரிந்தது. படகருகே நீலச் சட்டை ஒரு புள்ளியாகத் தெரிந்தது. இன்னும் பலகையில் முகத்தை வைத்துக்கொண்டுதான் நின்றான். அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆட்டத்தில் எப்போதும் கள்ளத்தனமாக விரலிடுக்கில் பார்க்கிறவன் நான்தான்.

கப்பலில் அம்மாவின் மடி முழுக்க எனக்கே கிடைத்தது. ஆனால் அதில் படுத்தால் தூக்கம் வரவில்லை. தட்டில் சோறு வந்தால் அவள் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து வரிசையாக வைப்பாள். பிறகு கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுவாள். கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். என்னிடம் அவள் கோபப்படவில்லை. யாரோ சொல்லிச் செய்த பிள்ளை என்றுதான் என்னை நினைத்திருந்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை. வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா? அதோடு, துரைசாணி ஒரு நாள் எல்லோருக்கும் முன்னால், துரைக்கு முன்னாலேயே, இந்த யோசனை யாருடையது தெரியுமா என்று சொல்லி என் தலையில் கை வைப்பாள் என்று உறுதியாக நம்பியிருந்தேன். அந்த நாளுக்காகக் காத்திருந்தேன்.

மலைக்குத் திரும்பிய பிறகு, கிறிஸ்துமஸ் கழிந்து துரையின் அக்காவிடமிருந்து ஒரு நீண்ட கடிதம் வந்தது. துரைசாணி எங்களைப் பங்களா முன்வராந்தாவுக்குக் கூப்பிட்டு, நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள்.

அன்றைக்குப் பாபா எண்ணி முடித்துவிட்டுத் தேட ஆரம்பித்திருக்கிறான். முதலில் படகுகளுக்கு அடியில். பிறகு மீன் பீப்பாய்களுக்குள். பிறகு வீடு வீடாக. அழவில்லை. ஒவ்வொரு வாசலிலும் போய் நின்று ஏதோ கேட்டானாம். என்ன கேட்டான் என்று ஒருவருக்கும் புரியவில்லை. ஆனாலும் அந்த ஊரில் யாரும் அவனைத் திருப்பி அனுப்பவில்லை. கதவைத் திறந்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் விளக்கைக் காட்டி, பரணுக்கு ஏணி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அத்தை பின்னாலேயே நடந்திருக்கிறாள். ஒன்பது நாள் அப்படித் தேடினான். பத்தாம் நாள் காலையில் தேடவில்லை. கொஞ்ச நாள் யாரோடும் பேசவுமில்லை. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறான், காய்ச்சல் திரும்பவில்லை, தாத்தாவோடு படகில் போகிறான், அந்த ஊர்ப் பிள்ளைகளைப் போலவே பேசுகிறான். பழைய பாஷையில் ஒரு சொல்கூட இப்போது அவன் வாயில் வருவதில்லை.

"பிழைத்துக்கொண்டான் ஆயா" என்று துரைசாணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லதும்மா" என்றாள் அம்மா. பிறகு, வந்த நாளிலிருந்து கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"இந்தப் பச்சப்புள்ளைக்கு அந்த வெளையாட்டச் சொல்லிக்கொடுத்து அனுப்புனது யாரும்மா?"

என் நாள் வந்துவிட்டது. தூணைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றேன். துரைசாணி அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். கடிதத்தை மடித்தாள்.

"நான்தான் ஆயா" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அம்மா இடுப்பிலிருந்த பங்களாச் சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மறுநாளிலிருந்து கூடை கட்டிக் கொழுந்தெடுக்கப் போனாள். பன்னிரண்டு வருடம் போனாள். துரைசாணி குதிரையில் வரும்போதெல்லாம் அம்மா கொழுந்தெடுக்கும் செடி நிரையருகே நின்று, "ஆயா, சுகமா?" என்பாள். அம்மா செடியிலிருந்து முகத்தை எடுக்காமல், "இருக்கேன்" என்பாள். வேறு ஒரு வார்த்தை சொன்னதில்லை. துரை வேலையிலிருந்து விலகி அவர்கள் ஒரேயடியாகச் சீமைக்குப் போன அன்று, துரைசாணி லயத்துக்கே நடந்து வந்தாள். அம்மா கதவைத் திறக்கவில்லை. நான் அப்போது எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்திருந்தேன். வெளியே நின்று அவளைப் பார்த்தேன். அவள் தலை முழுக்க நரைத்திருந்தது. "அம்மாவைப் பார்த்துக்கொள்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அப்போது எனக்கு எல்லாம் புரிந்திருந்தது. பின்னால் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்திருக்கலாம். உள்ளே திரும்பி, கதவைத் திறம்மா என்றாவது சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. அம்மா அடுத்த மழைக்காலத்தில் இறந்தாள். கடைசிவரை துரைசாணியைத்தான் மனசுக்குள் சபித்துக்கொண்டிருந்தாள்.

பாபாவைப் பற்றி அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. இருந்தால் அவனுக்கும் இப்போது நரைத்திருக்கும்.

கடிதம் வந்த அன்றைக்கு வராந்தாவிலிருந்து இறங்கி அம்மா லயத்துப் பாதையில் நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். எனக்கு அழுகையாக வந்தது. ஆறு வாரம் அந்த ஊரில் கிடந்து, யாருக்கும் தோன்றாத ஒன்று எனக்குத் தோன்றி, நான் செய்து முடித்த காரியத்தைத் துரைசாணி வாய் கூசாமல் தன்னுடையது என்று சொல்லிவிட்டாளே! திருடி, திருடி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் பொறுக்க முடியாமல் அம்மாவின் முந்தானையை இழுத்தேன்.

"எம்மா, தொரசாணி பொய் சொல்லுது" என்றேன்.

அம்மா நின்றாள். நான் எதற்கு அழுகிறேன் என்று அவளே ஒன்றை நினைத்துக்கொண்டாள் போல. குனிந்து என் முகத்தைச் சேலையால் துடைத்தாள். என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நான் ஒன்பது வயதும் தாண்டியவள். கால் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. என்னை அப்படி அவள் தூக்கியது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

"நீ சின்னப்புள்ள, நீ என்ன செய்வ. போவட்டும் விடு" என்றாள்.

அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். இப்போது சொன்னால் இறக்கி விட்டுவிடுவாளோ என்று எங்கோ ஒரு மூலையில் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று எனக்கே விளங்கவில்லை. நான்தான் கெட்டிக்காரி என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். வளைவில் திரும்பிப் பார்த்தபோது துரைசாணி வராந்தாவிலேயே நின்றிருந்தாள். திருடி என்று கடைசியாக ஒரு தடவை நினைத்துக்கொண்டு, அவளுக்கு நாக்கைத் துருத்திக் காட்டினேன்.